‘அதேல் எச்.சின் கதை’ பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாராவது நல்ல காதல் படம் ஒன்று சொல்லுங்கள் என்றால் நான் இந்தப் படத்தைச் சொல்வதில்லை. கேட்காதவர்களிடம்தான் வலியப் போய்ச் சொல்வேன். பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில், எந்தப் படம் இது?

பிரெஞ்சு இயக்குநர் ஃப்ரான்ஸுவா த்ரூஃபோ 1975இல் எடுத்தது. நாயகி இசபெல் அட்ஜானி. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும். தலைப்பில் இருக்கும் அந்த ‘எச்’ எந்த வீட்டு எச் என்று தெரியாமல் பார்க்க உட்காருகிறவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் அதைச் சொல்லாமல் இங்கே ஒரு வரிகூட மேலே எழுத முடியாது: ஹ்யூகோ. எழுத்தாளர் விக்தோர் ஹ்யூகோவின் இளைய மகள் அதேலின் கதை இது.

கதையைச் சொல்லிவிடுங்களேன், பார்க்கலாமா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்கிறேன்.

சொல்கிறேன், முடிவையும் சேர்த்துத்தான். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

1863. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். இன்றைய கனடாவில் இருக்கும் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் பிரிட்டிஷ் படை முகாமிட்டிருக்கிறது. ஓர் இளம்பெண் இரவில் தனியாக வந்து இறங்குகிறாள், பொய்ப்பெயர் சொல்லி ஒரு நல்ல அம்மாளின் வீட்டில் அறை எடுக்கிறாள். தேடி வந்தது லெஃப்டினன்ட் பின்சன் என்ற படை அதிகாரியை. இருவருக்கும் முன்பு பழக்கம் இருந்தது உண்மை. இப்போது அவனுக்கு அவள் வேண்டாம், அதை முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறான்.

சொன்னால் போய்விடுவாளா? கடிதம் மேல் கடிதம் எழுதுகிறாள், அவனுடைய சூதாட்டக் கடனுக்குப் பணம் கொடுக்கிறாள், ஆண் வேடம் போட்டுக்கொண்டு விருந்து நடக்கும் வீட்டுக்கே போய் நிற்கிறாள், ஒரு பாலியல் தொழிலாளியை அவனுக்குப் ‘பரிசாக’ அனுப்புகிறாள், மனோவசியக்காரன் ஒருவனிடம் போய் இவனை மயக்கி எனக்குத் தாலி கட்ட வைக்க முடியுமா என்கிற தோரணையில் பேரம் பேசுகிறாள், தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று வீட்டுக்குப் பொய் எழுதுகிறாள், அவனுக்குப் பெண் கொடுக்க இருந்தவரிடம் போய் வயிற்றில் அவன் குழந்தை என்கிறாள். அறையில் அவன் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றி ஒரு மாடமே வைத்திருக்கிறாள். படை பார்படோஸ் தீவுக்கு மாறுகிறது. அவளும் பின்னாலேயே போகிறாள். அங்கே கிழிந்த உடையோடு தெருவில் அலைகிறவளை பா என்ற கறுப்பினப் பெண் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டு, பிரான்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். அவ்வளவுதான்.

இதெல்லாம் நிஜமாக நடந்ததா?

எலும்புக்கூடு நிஜம். அதேல் ஹ்யூகோ பிறந்தது 1830இல். அவளுடைய அக்கா லெயோபோல்தின் 1843 செப்டம்பரில், கல்யாணம் ஆன சில மாதங்களிலேயே, வில்கியே என்ற ஊருக்குப் பக்கத்தில் சேன் ஆற்றில் படகு கவிழ்ந்து புருஷனோடு மூழ்கி இறந்தாள். வயது 19. அந்தச் சாவிலிருந்து ஹ்யூகோ வீடு கடைசிவரை மீளவில்லை. படத்தில் அதேல் மூச்சுத் திணறிக் கெட்ட கனவு காண்பாளே, தண்ணீரில் முங்குகிற மாதிரி, அது அக்காவின் சாவு.

1851இல் பிரான்சின் அதிபராக இருந்த லூயி நெப்போலியன் ஆட்சியைக் கவிழ்த்துக் கைப்பற்றிய பிறகு ஹ்யூகோ நாட்டைவிட்டு வெளியேறினார். 1852இலிருந்து 1855 வரை ஜெர்சி தீவு, அதன்பின் 1870 வரை கெர்ன்ஸி தீவு. இரண்டும் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவிலுள்ள கால்வாயில் இருப்பவை. ஜெர்சியில்தான் பின்சன் அறிமுகமாகிறான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆவிகளோடு பேசும் கூட்டம் அந்த வீட்டில் நடந்ததும் ஜெர்சியில்தான். இறந்துபோன லெயோபோல்தினையும் கூப்பிட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில், செத்துப்போன அக்கா எல்லோருக்கும் தெய்வமாகிவிட்ட நிலையில், உயிரோடு இருக்கும் தங்கை என்ன ஆவாள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

1863இல் அவள் வீட்டைவிட்டுக் கிளம்பியது உண்மை. கல்யாணம் ஆகிவிட்டதாக எழுதிய கடிதத்தை நம்பிக் குடும்பம் அதைப் பத்திரிகையில் அறிவித்து, பிறகு அவமானப்பட்டதும் உண்மை. 1866இல் பார்படோஸ், 1872இல் பிரான்சுக்குத் திரும்பியது, எல்லாமே நடந்தவை.

அவ்வளவு அந்தரங்கமான விஷயங்கள் த்ரூஃபோவுக்கு எப்படித் தெரிந்தன?

அவளே எழுதி வைத்திருந்தாள். பல இடங்களில் சொற்களைத் திருப்பிப் போட்டு, யாருக்கும் சட்டென்று புரியாதபடி எழுதிய நாட்குறிப்பு. ஃபிரான்ஸெஸ் வெர்னர் கீல் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த முடிச்சை அவிழ்த்துப் பதிப்பித்தார், 1960களின் இறுதியில் அச்சில் வரத் தொடங்கியது. படத்துக்கு அடிப்படை அதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த நாட்குறிப்பு ஆரம்பத்தில் அவளுடைய சொந்தக் கதையே கிடையாது. நாடு கடந்து வாழ்ந்த நாட்களில் அப்பா சாப்பாட்டு மேசையில் என்ன பேசினார், வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று குறித்துவைக்கிற வேலையாகத்தான் அது தொடங்கியது. அப்பாவின் பேச்சுக்குக் கணக்குப்பிள்ளை. படத்தில் அவள் புத்தகக் கடைக்குப் போய் ரீம் ரீமாகக் காகிதம் வாங்குவதைப் பார்க்கும்போது இது தெரிந்திருந்தால் அந்தக் காட்சியே வேறு மாதிரி இருக்கும்.

படத்தில் எதை மாற்றியிருக்கிறார்கள்?

பெரிய மாற்றம் வயது. ஹாலிஃபாக்ஸுக்குப் போனபோது நிஜ அதேலுக்கு முப்பது தாண்டிவிட்டது. படம் பிடித்தபோது அட்ஜானிக்கு 19. இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. 19 வயதுப் பெண் இப்படி ஓடினால் ‘வயசுக் கோளாறு’ என்று நாம் மன்னித்துவிடுவோம். அப்பாவின் பேச்சை எழுதிக்கொண்டு, பியானோ வாசித்துக்கொண்டு, தீவு தீவாக வருடங்களைக் கழித்த முப்பது சொச்சம் வயதுப் பெண் ஓடுவது வேறு. அந்தக் கசப்பைப் படம் இழந்துவிட்டது. பதிலுக்குக் கிடைத்தது அட்ஜானியின் முகம். லாபமா நட்டமா என்று கேட்டால், லாபம்தான் என்பேன், ஆனால் கொஞ்சம் முனகிக்கொண்டே.

விக்தோர் ஹ்யூகோ ஏன் படத்தில் தலைகாட்டவே இல்லை?

குடும்பத்தின் அனுமதி கிடைத்ததே அந்த நிபந்தனையில்தான். ஹ்யூகோவின் கொள்ளுப்பேரன், ஓவியர் ழான் ஹ்யூகோ, தாத்தாவைத் திரையில் காட்டக்கூடாது என்றார். த்ரூஃபோவுக்கு இதைவிட நல்ல உதவியை யாரும் செய்திருக்க முடியாது. ஏனென்றால் அப்பா படம் முழுக்கக் கடிதமாகவும் வங்கியில் வந்து சேரும் பணமாகவும் மட்டும் இருக்கிறார். ஒரு நடிகர் தாடி ஒட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தால் பத்து நிமிடத்தில் பழகியிருக்கும்.

பெயரே வெளியில் வருவது தற்செயலாகத்தான். உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறாள், வைத்தியம் பார்க்க வந்த மருத்துவர் அனுப்பவேண்டிய கடிதத்தின் உறையைப் பார்க்கிறார், அதில் விக்தோர் ஹ்யூகோ என்று எழுதியிருக்கிறது. புத்தகக் கடைக்காரர் அவள் மேல் ஆசைப்பட்டு, பாவம், அவள் அப்பா எழுதிய ‘லே மிஸரபிள்’ நாவலைப் பரிசாகக் கொடுக்கிறார். அவள் முகம் மாறுகிற மாற்றத்தைப் பாருங்கள். அந்த மனிதருக்கு என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாது.

‘லே மிஸரபிள்’ என்றால் நம் ‘ஏழை படும் பாடு’ தானே?

அதேதான். சுத்தானந்த பாரதியார் அந்த நாவலைத் தமிழாக்கியபோது வைத்த பெயர் அது, 1950இல் கே. ராம்நாத் இயக்கத்தில் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. அதில் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்ததால்தான் சீதாராமனுக்குக் கடைசிவரை ‘ஜாவர் சீதாராமன்’ என்றே பெயர் நின்றது. ஹ்யூகோவின் ஒரு பாத்திரம் இங்கே ஒரு மனிதரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஹ்யூகோவின் சொந்த மகளோ அந்தப் பெயரை உதறத்தான் கடல் தாண்டி ஓடினாள்.

பெயரை உதறவா? பின்சனுக்காக ஓடினாள் என்றல்லவா சொன்னீர்கள்?

என் கட்சி இது: அவளுக்குப் பின்சன் ஒரு சாக்கு. இதை நான் சும்மா சொல்லவில்லை, படத்திலேயே அவள் தன் தகப்பன் யாரென்று தெரியாதவள் என்கிற மாதிரி எழுதுகிற இடம் வருகிறது. உலகம் முழுக்கத் தெரிந்த தகப்பன்! தன்னை ‘திருமதி பின்சன்’ என்று எழுதிக்கொள்ள அவளுக்கு இருக்கும் அவசரத்தில், அவனைக் கட்டிப்பிடிக்கும் ஆசையைவிட அந்தக் கையெழுத்தின் மேல் இருக்கும் ஆசைதான் எனக்கு அதிகமாகத் தெரிகிறது. அவனிடமிருந்து அவளுக்கு வேண்டியது அவனுடைய பெயர். அதை அவன் கொடுக்காவிட்டால் பரவாயில்லை, எழுதிக்கொள்ளலாம், காகிதம் இருக்கிறது.

என்னோடு சண்டை போட்டவர்களும் உண்டு. காதலைக் காதலாகப் பார்க்கத் தெரியாதவன் என்று ஒருவர் சொன்னார். சரி, இருக்கட்டும்.

இது ஒருதலைக் காதல்தானே? நம் இலக்கியத்திலேயே கைக்கிளை இருக்கிறதே?

கைக்கிளை, பெருந்திணை இரண்டையும் தொல்காப்பியம் அன்பின் ஐந்திணைக்கு வெளியே தனியாக வைத்தது. கைக்கிளை ஒருபக்க விருப்பம், பெருந்திணை பொருந்தாமல் மிஞ்சிப்போன காமம். அதேல் தொடங்குவது எதில் என்று சொல்ல முடியாவிட்டாலும் முடிவது இரண்டாவதில். ஆனால் மடலேறுகிறவன், அதாவது பனைமடலில் செய்த குதிரையில் ஏறித் தன் காதலைத் தெருவில் சொல்கிறவன், ஊரறிய ஏறுகிறான், பார்த்துப் பரிதாபப்பட ஊர் இருக்கிறது. இவள் மடலேறுவது நாலு சுவருக்குள், காகிதத்தில். தமிழ் சினிமாவில் இதே காரியங்களை, பின்னால் போவது, வழிமறிப்பது, வீட்டில் போய்ப் பொய் சொல்வது எல்லாவற்றையும் நாயகன் செய்தால் இடைவேளைக்குப் பிறகு பெண் சம்மதித்துவிடுவாள். இங்கே சம்மதிக்க யாரும் இல்லை, அதனால்தான் இதைப் பார்க்கும்போது நமக்கு நெளிகிறது.

பின்சன் வில்லனா?

இல்லை. கடன்காரன், பெண்பித்தன், அவள் பணத்தை வாங்கிக்கொள்ளக் கூச்சப்படாதவன். ஆனால் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டான், திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவள் செய்த காரியங்களால் மேலதிகாரி முன்னால் தலைகுனிந்து நிற்கிறான், நிச்சயமாக இருந்த கல்யாணம் நின்றுபோகிறது. ஆண் என்பதாலேயே இவன் பட்டதைத் துன்பக் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடாது. நடித்தவர் ப்ரூஸ் ராபின்சன், பின்னாளில் திரைக்கதை ஆசிரியராகவும் இயக்குநராகவும் பெயர் வாங்கியவர்.

அவளுக்கு மனநோய் என்று சொல்லிவிட்டால் முடிந்ததல்லவா?

முடியாது. ஒருவர் தன்னைக் காதலிக்கிறார் என்று அசைக்கமுடியாமல் நம்புகிற நிலையைப் பிரெஞ்சு மனநல மருத்துவர் க்ளெராம்போ 1921இல் விரிவாக எழுதினார், அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. அதேலையும் அந்தப் பெட்டியில் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் படத்து அதேலுக்கு அவன் தன்னைக் காதலிக்கவில்லை என்று நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் பேரம் பேசுகிறாள், மிரட்டுகிறாள், கெஞ்சுகிறாள். மனோவசியக்காரனின் மேடை வித்தையில் ஆள் செட்-அப் என்பதை அவளே கண்டுபிடித்துவிடுகிறாள். புத்தி தெளிவாகத்தான் வேலை செய்கிறது, போகிற திசைதான் கோணல். நோய் பிற்பாடு வருகிறது, பார்படோஸில்.

அட்ஜானி நடிப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, அப்படி என்ன?

‘கொமெதி ஃப்ரான்சேஸ்’ என்ற பழம்பெரும் நாடக அரங்கில் இருந்தவர், அதை விட்டுவிட்டு இந்தப் படத்துக்கு வந்தார். ஆஸ்கர் சிறந்த நடிகைக்கான பரிந்துரை கிடைத்தபோது வயது 20, அதுவரை அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டவர்களில் மிக இளையவர். பரிசு லூயிஸ் ஃப்ளெட்சருக்குப் போனது.

அவர் என்ன செய்கிறார் என்றால், அழுகிற இடத்தில் அழுவதில்லை. பொய் சொல்லும்போது முகம் பளிச்சென்று ஆகிறது, உண்மை சொல்லும்போது மங்கிவிடுகிறது. எழுதும்போது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்கிறார், எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார், பார்வை காகிதத்தில் இல்லாமல் நம்மைத் தாண்டி எங்கோ நிற்கிறது. மெதுவாக, படம் போகப்போக, நடை தளர்கிறது. ஒப்பனையால் வந்த தளர்ச்சி கிடையாது.

படம் இருட்டாக இருக்கிறதே, பிரிண்ட் சரியில்லையா?

பிரிண்ட் சரிதான். ஒளிப்பதிவு நெஸ்தோர் அல்மெந்த்ரோஸ். விளக்கு வெளிச்சத்தில் பழுப்பும் கருநீலமுமாக அறைக்குள் அறையாக அடைத்து வைத்திருக்கிறார். கடல் தாண்டிப் போன பெண்ணின் கதையில் ஊரையும் வானத்தையும் அதிகம் காட்டவே இல்லை என்பதை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன். ஹாலிஃபாக்ஸ் காட்சிகளைப் பெரும்பாலும் எடுத்தது கெர்ன்ஸியில், அதாவது அவள் எந்தத் தீவிலிருந்து தப்பி ஓடினாளோ அதே தீவில். பார்படோஸ் என்று காட்டுவது ஆப்பிரிக்காவில் செனகலை ஒட்டிய கோரே தீவு. இசை மோரிஸ் ழோபேர், 1940இல் போரில் இறந்தவர். முப்பத்தைந்து வருடம் கழித்து அவருடைய பழைய இசையை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார் த்ரூஃபோ.

போர் அடிக்குமா?

சிலருக்கு அடிக்கும். திருப்பம் என்று எதுவும் கிடையாது, ஒரே திசையில் இறங்கிக்கொண்டே போகும். நடுவில் அரை மணி நேரம் ‘போதும்மா, வீட்டுக்குப் போ’ என்று கத்தத் தோன்றும், நான் கத்தியிருக்கிறேன். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை. இப்போதுதான் காதல் முறிந்தவர்கள் தயவுசெய்து ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

அந்தத் தெருக் காட்சியில் அவள் அவனை நிஜமாகவே அடையாளம் கண்டுகொள்ளவில்லையா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பார்படோஸ். வெயில். கிழிந்த உடையும் மேலங்கியும் மண்ணில் இழுபட அவள் சந்துகளில் நடக்கிறாள், பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். தன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு பைத்தியக்காரப் பெண் திரிகிறாள் என்று கேள்விப்பட்டுப் பின்சனே தேடி வருகிறான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். எதிரே வந்து நிற்கிறான். அவள் கடந்து போகிறாள். நடையின் வேகம்கூட மாறுவதில்லை.

நடிக்கிறாள், பழிவாங்குகிறாள் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளிடம் இருக்கும் பின்சன் அவள் எழுதிய பின்சன். எதிரே நிற்கிற இந்த ஆள் யாரோ ஒரு சிப்பாய். இதற்கு முன்பே, ஹாலிஃபாக்ஸில் தெருவில் வேறொரு அதிகாரியைப் பின்சன் என்று நினைத்து அவள் ஓடிப்போய் நிறுத்தும் காட்சி ஒன்று வரும், நினைவிருக்கிறதா? அந்த அதிகாரியாக வருவது த்ரூஃபோவேதான். அங்கே இல்லாதவனைப் பார்த்தாள், இங்கே இருக்கிறவனைப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு அவள் என்ன ஆனாள்?

1872இல் திரும்பியதும் அப்பா அவளை மனநலக் காப்பகத்தில் சேர்த்தார். அங்கேயும், பிறகு பாரிஸுக்கு வெளியே சூரேன் என்ற ஊரில் இருந்த இன்னொரு காப்பகத்திலும், நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தாள். அம்மா 1868இலேயே போய்விட்டார், அண்ணன்கள் 1871, 1873 என்று அடுத்தடுத்துப் போனார்கள், 1885இல் அப்பா. எல்லோருக்கும் பிறகு அவள் மட்டும் உயிரோடு இருந்து, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல், 84 வயதில் இறந்தாள். அடக்கம் செய்தது வில்கியேயில், அம்மாவுக்கும் லெயோபோல்தினுக்கும் பக்கத்தில்.

மறுபடி பார்த்தால் எந்தக் காட்சியைக் கவனிக்கச் சொல்வீர்கள்?

வங்கியில் ஒரு சின்னப் பையன் வருவான். கண் சிமிட்டினால் தவறிப்போகும் அளவுக்குச் சின்னக் காட்சி. அவனிடம் பேர் கேட்கிறாள், சொல்கிறான். உங்க பேரென்ன என்று அவன் கேட்டதும் யோசிக்காமல் ‘லெயோபோல்தின்’ என்கிறாள். போய்விடுகிறாள். அப்புறம் திரும்பி வந்து, அவனிடம் குனிந்து, நான் பொய் சொன்னேன், என் பேர் அதேல் என்கிறாள். படம் முழுக்க அவள் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய் சொல்கிறாள். திரும்பி வந்து திருத்திக்கொண்டது இந்தப் பையனிடம் மட்டும்தான்.